கண்டிச் சீமையின் பயிர்கள்: கெவத்தைக்கு வந்த சான்றிதழ்

கண்டி நகரைச் சூழ்ந்த கிராமங்களில் வீடு எங்கே முடிகிறது, தோட்டம் எங்கே தொடங்குகிறது என்று சொல்வது கடினம். முற்றத்தை ஒட்டியே ஒரு சிறு காடு நிற்கும். உச்சியில் பலாவும் கித்துளும் கமுகும் தென்னையும், அவற்றின் நிழலில் கராம்பும் சாதிக்காயும், அதற்குக் கீழே கோப்பியும் கொக்கோவும் வாழையும். மரங்களின் உடலைப் பற்றிக்கொண்டு மிளகுக்கொடி ஏறும். தரையில் இஞ்சி, மஞ்சள், சேம்பு, வள்ளி. சிங்களத்தில் இதைக் ‘கெவத்த’ என்பார்கள். ஆய்வு நூல்களில் இதன் பெயர் கண்டிய வனத்தோட்டம். பரப்பு ஓர் ஏக்கரோ இரண்டு ஏக்கரோ இருக்கும். அதற்கும் குறைந்தவையே அதிகம். 1990களில் ‘இயற்கை விவசாயம்’, ‘நியாய வர்த்தகம்’ என்ற இரு சொற்களும் கண்டி மலைகளுக்கு வந்தபோது முதலில் போய் ஒட்டிக்கொண்டது இந்தத் தோட்டத்தில்தான்.

தோட்டம் அந்தச் சொற்களைவிடப் பல நூற்றாண்டு மூத்தது. 1660இல் சிறைப்பட்டு, 1679இல் தப்பிப்போகும்வரை கண்டி இராச்சியத்துக்குள் வாழ்ந்த ரொபர்ட் நொக்ஸ், 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூலில் பலாவையும் கமுகையும் கித்துளையும் விரிவாக எழுதியிருக்கிறார். அன்றைய குடியானவருக்கு வயல் சோறு தந்தது. சேனை குரக்கன் தந்தது. வீட்டைச் சுற்றியிருந்த மரங்கள் கறிக்கும் கைச்செலவுக்கும் உதவின. பாக்கும் மிளகும் பொதிமாட்டுத் தவளங்களில் ஏறிக் கரையோரத்துக்குப் போயின. இந்தத் தோட்டத்திலிருந்து சந்தைக்குப் பொருள் போவது புதிய வழக்கம் அன்று. எந்தச் சந்தைக்கு, யார் வைத்த விலையில் என்பதுதான் காலத்துக்குக் காலம் மாறியது.

கோப்பியின் கதை முன்னைய பகுதிகளில் சொல்லப்பட்டது. இங்கே வேண்டியது அதில் ஒரு துண்டு மட்டும். 1824இல் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் தோட்டம் போட்டதையும், ஆளுநர் எட்வேட் பார்ன்ஸ் கன்னொறுவையில் கோப்பி நட்டதையும் எல்லா நூல்களும் சொல்லும். அதே காலத்தில் கிராமத்தாரின் வீட்டுத்தோட்டங்களிலிருந்தும் கோப்பி கணிசமாக ஏற்றுமதியானது என்பதை அவை ஓரிரு வரிகளில் கடந்துவிடும். 1869இல் இலைத்துரு நோய் வந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் துரைமாரின் கோப்பித் தோட்டங்கள் இருந்த இடம் தெரியாமல் போயின. மலைமலையாக ஒரே செடி நின்ற நிலத்தில் பூஞ்சணத்துக்குத் தடையே இருக்கவில்லை. கிராமத்தாரின் கோப்பியும் தப்பவில்லைதான். ஆனால் கோப்பி பட்டாலும் அவர்களிடம் பலா இருந்தது, பாக்கு இருந்தது. கடன் தலைக்கு மேல் ஏறிய துரைமார் சிங்கோனாவுக்கும், பின்னர் தேயிலைக்கும் மாறினார்கள். 1867இலேயே லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்த ஜேம்ஸ் டெய்லரின் வழி எல்லோருக்கும் வழியானது.

சுதந்திரத்துக்குப் பின் வந்த அரசுகளும் கெவத்தையைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1962இல் தொடங்கிய பசளை மானியம் நெல்லை நோக்கியது. 2005க்குப் பின் 50 கிலோ மூடையை 350 ரூபாவுக்குக் கொடுத்த திட்டமும் முதலில் வயலுக்குத்தான். தேயிலைக்கு 1925 முதலே தனி ஆராய்ச்சி நிலையம் உண்டு. மிளகு, கராம்பு, சாதிக்காய், ஏலம் ஆகியவற்றுக்கு ஒரு திணைக்களம் கிடைக்க 1972 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கிடைத்தபோதும் அதன் பெயர் ‘சிறு ஏற்றுமதிப் பயிர்கள்’ திணைக்களம். (பேராதனையில் இயங்கும் அதுவே இன்றைய ஏற்றுமதி விவசாயத் திணைக்களம்.) மானியம் வராததால் யூரியாவும் வரவில்லை. உதிர்ந்த இலையும் சாணமும் வேலியில் வெட்டிப் போட்ட சீமைக்கிளுவைத் தழையும்தான் உரம். கண்டித் தோட்டம் கொள்கையால் இயற்கைத் தோட்டம் ஆகவில்லை. யாரும் கவனிக்காமல் விட்டதால் அப்படியே நின்றது. பிற்காலத்து விளம்பரத் தாள்கள் இதை மூதாதையரின் ஞானம் என்று எழுதின. ஞானம் இல்லாமல் இல்லை. ஆனால் கையில் காசு இல்லாததும் அதே அளவு உண்மை.

கண்டியில் ‘சிறுவிவசாயி’ என்ற சொல்லின் எல்லையை வகுத்தது 1970களின் காணிச் சீர்திருத்தம். 1972ஆம் ஆண்டுச் சட்டம் தனியாருக்கு 50 ஏக்கர் என்று உச்சவரம்பு வைத்தது. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசிடம் போயின. நகரைச் சூழ்ந்த நடுத்தர உயரத்துத் தோட்டங்களில் விளைச்சல் குன்றிய பகுதிகள் துண்டுகளாக்கப்பட்டுக் கிராமத்தாருக்குப் பகிரப்பட்டன; மிளகும் கராம்பும் கோப்பியும் கலந்து நடும் குடியேற்றத் திட்டங்களும் வந்தன. நிலம் கிடைத்தவர்கள் பெரும்பாலும் சிங்களக் கிராமத்தார். அதே நிலத்தில் மூன்று, நான்கு தலைமுறையாகக் கொழுந்து பறித்த தமிழர்களில் பலர் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமையும் இழந்திருந்தவர்கள். அவர்களுக்குப் பங்கு இல்லை. பல இடங்களில் லயன் குடியிருப்புகளிலிருந்து துரத்தப்பட்டு, பஞ்சத்தில் அலைந்து, வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். மலைநாட்டில் தோட்டக் காணி பகிர்வதை எதிர்த்த போராட்டத்தில், 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் சிவனு லட்சுமணன் பொலிஸ் சூட்டுக்குப் பலியானார். நிலம் உள்ளவர் சிறுவிவசாயி, நிலம் இல்லாதவர் தொழிலாளி என்ற இந்தக் கோடு, இருபது ஆண்டு கழித்து வந்த நியாய வர்த்தக விதிமுறைகளிலும் அப்படியே பதிந்தது.

நியாய வர்த்தகம் ஐரோப்பாவில் தேவாலயங்களும் மாணவர் குழுக்களும் நடத்திய கடைகளிலிருந்து வளர்ந்தது. இன்று இத்துறையின் பெரிய இறக்குமதியாளர்களில் ஒன்றான ஜேர்மனியின் கேபா 1975இல் தொடங்கியது. இலங்கையில் நீர்கொழும்பை மையமாகக் கொண்ட ‘பொடி’ என்ற அமைப்பு சிறுவிவசாயிகளின் வாசனைத் திரவியங்களை இத்தகைய கடைகளுக்கு அனுப்பிய முன்னோடிகளில் ஒன்று. 1988இல் நெதர்லாந்தில் ‘மக்ஸ் ஹவலார்’ முத்திரை வந்தபின் பொருள் சிறப்புக் கடையை விட்டுச் சாதாரண அங்காடித் தட்டுக்கு ஏறியது. முத்திரையின் பெயர் 1860இல் வெளிவந்த ஒரு டச்சு நாவலின் பெயர். யாவாவில் கோப்பி பயிரிடுமாறு குடியானவர்களைக் கசக்கிய ஆட்சியைத் தோலுரித்த நாவல் அது. நாட்டுக்கு நாடு தனித்தனியாக இருந்த முத்திரை அமைப்புகள் 1997இல் பொன் நகரில் ஒரே கூரையின்கீழ் வந்தன.

அதே 1997இல்தான் கண்டியில் சிறு இயற்கை விவசாயிகள் சங்கம் உருவானது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘சோஃபா’ என்றே அது அறியப்படுகிறது. அதன் பின்னால் இருந்தது 1993இல் கலாநிதி சரத் ரணவீர தொடங்கிய பயோ ஃபூட்ஸ் நிறுவனம். அதற்கு முன்பே களம் ஓரளவு பண்பட்டிருந்தது. ஊவாவின் இதல்கஸ்ஹின்னையில் இயற்கைத் தேயிலைத் தோட்டம் 1980களிலேயே வந்துவிட்டது. கண்டிக்குத் தெற்கே கலஹாவில் கமி சேவா செவன என்ற நிலையம் கூட்டெரு, மண்காப்பு, கலப்புப் பயிர் ஆகியவற்றைக் கிராமத்து இளைஞருக்குக் கற்பித்துவந்தது. ஆனால் தோட்டக் கம்பனியால் தன் பெயரிலேயே சான்றிதழ் வாங்க முடியும். அரை ஏக்கர்க்காரரால் முடியாது. பரிசோதகரை அழைத்துவரும் கட்டணமே அவரது ஆண்டு மிளகை விழுங்கிவிடும். ஆகவேதான் சங்கம் தேவைப்பட்டது. உறுப்பினர் தொகை பின்னாளில் ஈராயிரத்தைத் தாண்டியது.

சங்கச் சான்றிதழ் இயங்கும் முறையைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். கிராமத்தில் உண்மையில் எதையாவது மாற்றியது அதுதான். ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு கோப்பு. அதில் கைவரைபடம், மரங்களின் எண்ணிக்கை, எதிர்பார்க்கும் விளைச்சல், பக்கத்து நிலத்தில் மருந்து அடிக்கிறார்களா என்ற குறிப்பு. சங்கத்தின் கள அலுவலர் எல்லாத் தோட்டங்களையும் ஆண்டுதோறும் பார்ப்பார். வெளியிலிருந்து வரும் சான்றளிப்பாளர் சிலவற்றை மட்டும் தெரிந்தெடுத்துப் பார்த்து, கோப்பு சொல்வதும் நிலம் சொல்வதும் ஒன்றா என்று சோதிப்பார். ஐரோப்பிய விதிப்படி நீண்டகாலப் பயிருக்கு மூன்று ஆண்டு மாறுகாலம். அதுவரை மருந்தில்லாமல் விளைவித்தும் சாதாரண விலைக்கே விற்க வேண்டும். ஒருவர் தோட்டத்தில் களைகொல்லி அடித்தால் குழு முழுவதன் சான்றிதழும் ஆட்டங்காணும். அதனால் அயலவரே அயலவரைக் கவனிக்கும் நிலை உண்டானது. வேலிச் சண்டைக்குப் புதுக் காரணமும் கிடைத்தது.

நியாய வர்த்தகம் இதன்மேல் இரண்டு ஏற்பாடுகளைச் சேர்த்தது. ஒன்று, பல பொருள்களுக்குச் சந்தை விழுந்தாலும் கீழே போகாத அடிமட்ட விலை. மற்றது, விலைக்கு மேலாகச் சங்கத்துக்குத் தனியாகச் சேரும் கூடுதல் தொகை. தேயிலைக்குக் கிலோவுக்கு ஏறத்தாழ அரை டொலர். அதை எப்படிச் செலவிடுவது என்பதை உறுப்பினர் கூட்டமே தீர்மானிக்க வேண்டும். மாடு, நாற்று, கிராமத்துப் பொதுவேலை என்று அது போனது. மாடு வாங்கியதில் கணக்கு இருக்கிறது: யூரியா இல்லாத தோட்டத்துக்குச் சாணமே பசளை ஆலை.

சிறுதோட்டத் தேயிலைக்குச் சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. இலங்கைத் தேயிலையில் ஏறத்தாழ முக்கால் பங்கு இன்று சிறுதோட்டங்களில் விளைகிறது. கொழுந்தைப் பறித்த அன்றே ஆலைக்குக் கொடுத்தாக வேண்டும். வைத்திருந்து விலை பேச முடியாது. ஏலத்தில் ஆலை பெறும் தொகையில் 68 சதவீதம் கொழுந்து தந்தவருக்கு, 32 சதவீதம் ஆலைக்கு என்று அரசு வகுத்த விகிதம் உண்டு. ஆனால் எல்லாருடைய கொழுந்தும் ஒரே லொறியில், ஒரே வாட்டுத் தொட்டியில் கலந்துவிடும். மருந்தில்லாத கொழுந்து அந்தக் கலவையில் விழுந்த கணமே அதன் பெயர் போய்விடும். தனி லொறி, தனி ஆலை, தனிக் கணக்கு இல்லாமல் இயற்கைத் தேயிலை என்று ஒரு கிராம்கூட விற்க முடியாது. கண்டியில் சங்கமும் பதப்படுத்தும் நிறுவனமும் இரட்டை மாடாக ஓடியதற்குக் காரணம் இது. ஒரே நிறுவனத்தை நம்பி நிற்கும் சங்கத்துக்குப் பேரம் பேசும் பலம் எவ்வளவு என்ற கேள்வியும் இதிலேயே இருக்கிறது.

வாசனைத் திரவியத்துக்கு ஏலம் இல்லை. இருப்பவர் கிராமத்துக்கு வரும் வாங்குநர். அக்குறணை, மாத்தளைக் கடைகளில் சொல்லும் விலையே விலை. இலங்கை மிளகில் காரமும் எண்ணெயும் அதிகம். ஆனால் சாறு பிழியும் ஆலைகளுக்காகப் பிஞ்சாகவே பறித்து இந்தியாவுக்கு அனுப்புவது வழக்கமாகிவிட்டது. 2000இல் நடைமுறைக்கு வந்த இந்திய-இலங்கைச் சுதந்திர வர்த்தக உடன்படிக்கை ஆண்டுக்கு 2,500 தொன் மிளகைத் தீர்வையின்றி அனுமதித்தது. 2017 டிசம்பரில் இந்தியா இறக்குமதி மிளகுக்குக் கிலோ 500 இந்திய ரூபா என்ற குறைந்தபட்ச விலை வைத்து வாசலைப் பாதி சாத்தியது. குடகிலும் இடுக்கியிலும் இருக்கும் சிறுவிவசாயியைக் காக்க எடுத்த முடிவு உடுதும்பறையில் இருக்கும் சிறுவிவசாயியின் மேல் விழுந்தது. வேறு நாட்டு மிளகு இலங்கை வழியாக மறுஏற்றுமதியாகி இந்தியா போன விவகாரமும் இதற்கு ஒரு காரணம். அந்த இலாபத்தில் கொடி வளர்த்தவருக்குச் சல்லிக்காசு இல்லை. இயற்கை, நியாய வர்த்தகம் என்ற இரு முத்திரையும் பெற்ற மிளகு ஐரோப்பாவுக்கு வேறு பாதையில் போனது. பாதை ஒழுங்கானது, ஆனால் ஒடுங்கியது. சங்க உறுப்பினரும் தம் விளைச்சல் முழுவதையும் அதில் அனுப்ப முடிவதில்லை.

2021 மே 6ஆம் திகதி வர்த்தமானி அறிவித்தல் ஒன்று இரசாயனப் பசளை, பீடைகொல்லி இறக்குமதியை நாடு முழுவதும் தடைசெய்தது. 2019ஆம் ஆண்டுத் தேர்தல் அறிக்கையில் பத்து ஆண்டில் மாறுவதாகச் சொல்லப்பட்டது. அது ஒரே இரவில் வந்தது. அன்னியச் செலாவணி தட்டுப்பட்டிருந்த நேரம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழக விவசாய பீடத்தினர் எச்சரித்தார்கள், கேட்பார் இல்லை. அவர்கள் சொன்னதைச் சாதாரணக் கணக்கிலேயே புரிந்துகொள்ளலாம். 50 கிலோ யூரியா மூடையில் நைதரசன் 23 கிலோ. நல்ல கூட்டெருவில் ஒன்றரைச் சதவீத நைதரசன் இருப்பதாக வைத்தாலும், ஒரு மூடைக்கு ஈடாக ஒன்றரைத் தொன்னுக்கு மேல் வேண்டும். வண்டிப் பாதையில்லாத மலைச்சரிவுக்கு அதைத் தலைச்சுமையாக ஏற்றுவது யார்? பல பத்தாண்டாக யூரியாவுக்கே பழக்கிய தேயிலை இனங்கள் ஒரு பருவத்தில் பழக்கத்தை விடவில்லை. தடை நவம்பர் இறுதியில் நீக்கப்பட்டது. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடிக்கு இறங்கியது; கால் நூற்றாண்டில் காணாத வீழ்ச்சி. பசளை மீண்டும் வந்தபோது ரூபா சரிந்து, மூடையின் விலை எட்டாத உயரத்தில் இருந்தது.

கண்டியின் சான்றிதழ் விவசாயி அந்த ஆண்டில் தன் பயிர்முறையில் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. அவரும் அவருக்கு முன்னோரும் தலைமுறைகளாகச் சேர்த்த மண்ணை ஒரு வர்த்தமானியால் உண்டாக்க முடியாது என்பதற்கு அவரது தோட்டமே சாட்சி. ஆனாலும் இயற்கை உரத்தைக் குறிக்கும் ‘சேதனப் பசளை’ என்ற சொல் அதற்குப்பின் நாட்டில் கேலிச்சொல் ஆயிற்று; அந்தக் கேலியில் அவருக்கும் பங்கு விழுந்தது. 2015இல் கிளைபோசேட் களைகொல்லியைத் திடீரெனத் தடைசெய்தபோதும் இதே பாடம்தான்: தேயிலையில் மாற்றாக அடித்த வேறு களைகொல்லியின் எச்சம் யப்பானின் எல்லையை மீற, சந்தை கலங்கியது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை தளர்ந்தது.

சட்டத்தைவிடப் பிடிவாதமானது வானம். கண்டிக்கு இரு பருவமழையும் உண்டு. இடையில் தை முதல் பங்குனி வரை ஒரு வறள் காலம். இந்த ஒழுங்கில்தான் தோட்டத்தின் நாட்காட்டி அமைந்திருக்கிறது. மிளகுக்கொடி அந்த வறட்சியில் ஓய்ந்திருந்து, தென்மேற்கு மழை தொட்டதும் திரி விடும். மகரந்தம் பரவவும் தூறல் உதவும். மழை முந்தி வந்து பின் வெயில் காய்ந்தால் விட்ட திரி உதிர்ந்துவிடும். கராம்பு மொட்டு, இதழ் விரியுமுன் பறித்து நாலைந்து நாள் வெயிலில் காய வேண்டியது. மார்கழி, தையில் வெயிலுக்குப் பதில் மழை நின்றால் மொட்டு பூசணம் பிடிக்கும். ஈரம் தங்கிய சாதிக்காயில் உண்டாகும் அஃப்லரொக்சின் நஞ்சுக்கு ஐரோப்பா வைத்திருக்கும் எல்லை மிகக் கடுமையானது. மருந்தே தொடாத தோட்டத்துச் சாதிக்காய், முற்றத்தில் வெயில் விழாத குற்றத்துக்காகத் துறைமுகத்தில் திருப்பி அனுப்பப்படலாம். கூரை மூடிய சூரிய உலர்த்திகள் இதற்காகவே வந்தன.

தேயிலைக்குச் சராசரி வெப்பம் ஏறத்தாழ 22 பாகை செல்சியஸ் பிடித்தமானது. சுமார் 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டி நகரின் சராசரி அதற்கு மேலேயே இருக்கிறது. மேல்மலைக்கு வெப்பம் சிறிது கூடினால் தாங்கும். கண்டியைச் சூழ்ந்த நடுத்தர உயரத்துக்கு அந்த இடைவெளி இல்லை. இங்கே நிழல் மரத்தின் மதிப்பு கூடுகிறது. தேயிலைக்கு இடையில் சீமைக்கிளுவை நட்டு, அதில் மிளகை ஏற்றினால் வெயிலும் தணியும், தழையும் கிடைக்கும், இரண்டாவது வருமானமும் உண்டு. தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிர் என்று 2005இல் அரசு சீமைக்கிளுவைக்குப் பட்டம் சூட்டியது. நூறாண்டு வேலியில் நின்ற மரத்துக்குக் கிடைத்த தாமதமான மரியாதை.

தோட்டத்து லயன்களில் இருப்பவருக்கு இந்தத் தற்காப்பு ஏதும் எட்டவில்லை. கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்ட, ரங்கல தோட்டங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பலா நட நிலம் இல்லை. வீட்டுத் திட்டங்கள் தந்தது 7 பேர்ச். சதுர மீற்றரில் சொன்னால் 177. நியாய வர்த்தக விதிகளில் கூலித் தொழிலாளருக்குத் தனி அத்தியாயம் உண்டு, கூடுதல் தொகையைத் தீர்மானிக்கும் குழுவும் உண்டு. ஆனால் தன் கொழுந்துக்குத் தானே விலை கேட்கும் இடம் அதில் இல்லை. நாட்சம்பளச் சண்டைகளின் இடையே, தேயிலைச் செடிகளைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்துக் கொழுந்தை மட்டும் விலைக்கு வாங்கும் ஏற்பாட்டைக் கம்பனிகள் முன்வைத்தன. காணி உறுதி இல்லாத அந்த ஏற்பாட்டில் வறட்சியின் நட்டம் தொழிலாளி தலையில் விழும்; நிலம் மட்டும் கம்பனியிடமே இருக்கும்.

2022 முதல் நடைமுறையான ஐரோப்பாவின் புதிய இயற்கை விவசாயச் சட்டம், சான்றிதழ்க் குழு ஒன்றில் 2,000 பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்றும், குழு சட்டப்படி பதிவான தனி அமைப்பாக இருக்க வேண்டும் என்றும் வகுத்தது. பெரிய சங்கங்கள் பிரிந்து, கோப்புகளைப் புதிதாக எழுதி, கட்டணத்தை மறுபடி கட்ட வேண்டும். அந்த வேலை உலகெங்கும் நடந்துகொண்டிருந்த காலத்தில்தான், 2025 நவம்பர் இறுதியில், டித்வா புயல் இலங்கையைக் கடந்தது. நாட்டில் 600க்கும் மேற்பட்டோர் இறந்தனர். உயிரிழப்பு மிகுந்த மாவட்டம் கண்டி. மண்சரிவு வீடுகளோடு சரிவுகளையும் கொண்டுபோனது. அப்படி வெறுமையான சரிவில் மண் மீண்டும் பிடித்து நடும் மிளகுக்கொடி காய்க்க மூன்று ஆண்டு வேண்டும். கராம்புக் கன்று முதல் மொட்டு விட ஆறு முதல் எட்டு ஆண்டு.

(தொடரும்)